துரைக்குப் பிசைந்த சோறு

துரைக்கு வயிறு சரியில்லை என்றால் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

துரை என்பது நாய். பழுப்பு உடம்பு, ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்து. என்ன இனம் என்று கேட்டவர்களெல்லாம் தாங்களே நாலைந்து பெயரைச் சொல்லிப் பார்த்துவிட்டுக் குழம்பிப் போனார்கள். குட்டியாக வந்த அன்றைக்கே தட்டில் வைத்ததை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "பெரிய துரை. ஆக்கிப் போட்டது பிடிக்கலையாக்கும்" என்று வீட்டுக்காரனின் மாமனார் சொன்னார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்காரன் லிப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் கயிற்றில் கட்டி மேலே ஏற்றிவிடுகிறவன், தான் குடியிருந்தது லிப்ட் இல்லாத கட்டிடத்தின் மூன்றாவது மாடியில். மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பகலெல்லாம் வீட்டில் அவரும் துரையும்தான். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் பேசி முடித்து வெகுகாலம் ஆயிற்று.

இந்த முறை துரைக்கு வந்தது வழக்கமான வயிற்றுக் கோளாறு இல்லை. தின்றதெல்லாம் வெளியே வந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம் போல ஆனது. மாடிப்படி இறங்க முடியாமல் முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டு திரும்பிப் பார்த்தது. அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். எடைக்குப் பழகிய உடம்பு அவனுடையது. தூக்கிய நொடியிலேயே எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தோள் சொல்லிவிட்டது.

கால்நடை டாக்டரம்மா நாயைப் படுக்கவைத்து வயிற்றில் மயிரை மழித்து, ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் மேகம் மாதிரி ஏதோ தெரிந்தது.

"இதான் இவன் இரைப்பை. பாருங்க, வேலை செய்யுது."

அவன் பார்த்தான். மேகம் சுருங்கியது, விரிந்தது. ஓர் அலை ஓர் ஓரத்தில் கிளம்பி நிதானமாக மறு ஓரத்துக்குப் போனது. அது போய்ச் சேருவதற்குள் அடுத்தது கிளம்பியது. நாயோ அங்கே இல்லாதது மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

"உள்ள ஒண்ணுமே இல்லையே டாக்டர். காலையிலேருந்து பட்டினி. அப்புறம் எதுக்கு ஓடுது?"

"வரும்னு காத்துட்டு ஓடுது."

அவனுக்குப் புல்லரித்தது. மோட்டார், கயிறு, எதிர் எடை, பிரேக் என்று வாழ்க்கை பூராவும் ஓடுகிற சாமான்களோடு இருப்பவன் அவன். பட்டன் அழுத்தாமல் ஓடும் எதையும் அவன் பார்த்ததில்லை. இங்கே ஒரு கைப்பிடித் தோலுக்குள், இருட்டில், ஆளில்லாமல், கரண்ட் இல்லாமல், குட்டியாக வந்த நாளிலிருந்து ஒரு நிமிஷமும் நிற்காமல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் என்னவென்றால் அதற்குள் எலும்பையும் பிஸ்கெட்டையும் எறிந்து விளையாடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"அடைப்பு எதுவும் இல்ல. பிறவியிலேயே மெல்லிசு வயிறு" என்றார் டாக்டரம்மா. "சோறு குழைய வேகணும். கோழி தோலில்லாம, உப்பில்லாம. ரெண்டையும் கட்டியே இல்லாம நல்லா மசிய பிசைஞ்சு கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. வேற எதுவும் வாயில படக்கூடாது. ஒருத்தர் மட்டும் பொறுப்பு எடுத்துக்கங்க. நாலு பேர் கை பட்டா கணக்கு தப்பிடும்."

"நான் எடுத்துக்கறேன்."

"இன்னும் எடை எறங்கிச்சுன்னா குழாய் போட்டுத்தான் உணவு குடுக்கணும். அதை இந்த உடம்பு தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து சமையலறையின் ஒரு மூலை அவன் வசமானது. வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவான், அடுப்பைப் பற்றவைப்பான். சோறும் கோழியும் வெந்து ஆறியதும் சப்பணமிட்டு உட்கார்ந்து பிசைவான். நாரை விரலால் நசுக்கி, பருக்கையை உள்ளங்கையால் தேய்த்து, களிம்பு மாதிரி ஆகும்வரை விடமாட்டான். மறுநாளைக்கும் சேர்த்துப் பிசைந்து டப்பாக்களில் அடைத்துப் பிரிட்ஜில் வைப்பான். பகலில் மாமனார் டப்பாவைத் திறந்து சுடவைத்து வைத்தால் போதும்.

"கல்யாணம் ஆன நாளா எனக்கு ஒரு வாய் பிசைஞ்சு குடுத்திருப்பீங்களா?" என்றாள் மனைவி.

"நீயும் வாந்தி எடு. குடுக்கறேன்."

"போதும். அந்த நாய்க்கு ஒரு பொண்டாட்டி பார்த்து வச்சாச்சு, அது நீங்கதான்."

துரை தட்டைப் பார்க்கும். பிறகு அவனைப் பார்க்கும். முகத்தை ஒருமுறை திருப்பிக்கொள்ளும். அவன் தட்டை இன்னும் பக்கத்தில் தள்ளி, "சாப்பிடுடா துரை, என் ராசா இல்ல" என்பான். அது பெருமூச்சு விட்டுவிட்டுத் தின்னும். ஒரு பருக்கை மிச்சம் வைக்காது. தின்று முடித்துச் சற்று நேரம் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். அப்புறம் பால்கனி ஓரமாகப் போய், தரையை அழுக்காக்கிவிட்டோமே என்கிற மாதிரி கூச்சத்துடன், அவ்வளவையும் வெளியே தள்ளும்.

எல்லா வேளையும் அப்படி இல்லை. அதுதான் அவனைக் குடைந்தது. விடுமுறை நாளில் அவன் வீட்டிலிருந்து பிசைந்து கொடுத்தால் தங்கியது. வால்கூட ஆடியது. வேலை நாட்களில் மறுபடி பழையபடி.

லிப்டில் கோளாறு என்றால் அவனுக்கு ஒரு முறை உண்டு. எல்லாவற்றையும் கழற்றிவிடு, ஒவ்வொன்றாக மாட்டு. எதை மாட்டும்போது நிற்கிறதோ அதுதான் திருடன். அதே முறையில் வீட்டையும் கழற்றினான். கோழியை நிறுத்திப் பார்த்தான். அரிசியை மாற்றினான். தண்ணீரைக் காய்ச்சினான். தட்டை மாற்றினான். அப்படியும் வாந்தி. மிச்சம் இருந்தது ஆட்கள். மனைவி வேலைக்குப் போகிறவள். அவன் வீட்டில் இருக்கும் நாளில் நாய்க்கு நன்றாக இருக்கிறது, இல்லாத நாளில் கெடுகிறது என்றால் அர்த்தம் ஒன்றுதான்.

"மாமா, ஒண்ணு கேப்பேன். கோவப்படக் கூடாது."

"கேளு மாப்ள."

"பகல்ல அதுக்கு பிஸ்கெட் எதாவது போடறீங்களா?"

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "டாக்டர் சொன்ன நாள்லேருந்து நான் தின்னும்போது கதவைச் சாத்திட்டுத் தின்னுறேன்யா. வாசனை புடிச்சு ஏங்குமேன்னு."

"இல்ல, பாசத்துல ஒரு துண்டு..."

"நான் போடல."

"நான் வீட்ல இருந்தா அதுக்கு ஒண்ணும் ஆகறதில்ல மாமா. நீங்களே சொல்லுங்க."

அவன் பிஸ்கெட் டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினான். சாவி கிணுங்கிய சத்தம் தேவைக்கு மேல் பெரிதாகக் கேட்டது. அதன்பிறகு மாமனார் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விடுவார். மனைவி அப்பாவுக்கும் புருஷனுக்கும் நடுவில் தபால்காரி ஆனாள். "அப்பா தூங்கப் போறாராம்." "தண்ணி வரலைன்னு உங்கப்பாகிட்ட சொல்லு." ஒரு நாய்க்கு வந்த வாந்தி வீட்டையே இரண்டாகப் பிளந்துவிட்டது.

துரை இன்னும் இளைத்தது. டாக்டரம்மாவிடம் மறுபடி போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. குழாய் என்ற சொல் வாய்க்கு வராமலே மூவரும் அதைத்தான் நினைத்தார்கள்.

அப்படி இருக்கையில் ஒரு நாள், ஓர் அலுவலகக் கட்டிடத்தில் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று, உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களை இறக்கிவிட்டுப் பழுதைப் பார்த்து முடிப்பதற்குள் நேரம் ஓடிவிட்டது. டப்பாச் சோறும் மதியமே தீர்ந்திருந்தது. மனைவி போன் செய்தாள்.

"துரை பசில சுத்திச் சுத்தி வருது. நானே வேகவச்சுப் பிசைஞ்சு போடட்டுமா?"

"போடு. கட்டி இல்லாம பிசை. கிட்டவே இரு. உங்கப்பா..."

"எங்கப்பா எதிர்லதான் உக்காந்திருக்காரு. போனை வைங்க."

அவன் வீடு திரும்பியபோது துரை தரையில் மல்லாந்து கிடந்தது. அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்க் குனிந்தான். நாய் வாலை ஒருமுறை தரையில் தட்டியது.

"வாந்தி?"

"எடுக்கல. நல்லா தின்னுச்சு. தின்னுட்டு ஏப்பம் விட்டுச்சு, மனுசன் மாதிரி."

அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. கணக்கு இடித்தது. அவன் வீட்டில் இல்லை. மாமனார் இருந்தார். ஆனாலும் தங்கியிருக்கிறது. அப்படியானால் இத்தனை நாளாகக் கழற்றிப் பார்க்காத உறுப்பு ஏதோ ஒன்று இருக்கிறது.

மறுநாள் வேலையில் அது பிடிபட்டது. மொட்டை மாடி மோட்டார் அறையில் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள், அவனும் கூட வேலை செய்யும் குண்டனும். அங்கே தண்ணீர்க் குழாய் கிடையாது. அதற்காகவே கம்பெனி சில காலம் முன்பு ஒரு பசையைக் கொடுத்திருந்தது. ஆரஞ்சு நிறம், மணல் மாதிரி நறநறக்கும். கையில் தேய்த்துத் துணியால் துடைத்தால் கிரீஸ், எண்ணெய் எல்லாம் போய்விடும், தண்ணீரே வேண்டாம். அவனுக்கு அந்தப் பசை ரொம்பப் பிடிக்கும். கை பளிச்சென்று ஆகிவிடுவதால் வீட்டுக்குப் போன பிறகும் அவன் கழுவுவதில்லை. கழுவ அங்கே என்ன மிச்சம் இருக்கிறது?

குண்டன் ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா, துரைமார் மாதிரி ஸ்பூன்?"

"உங்களுக்கென்னண்ணே, இரும்பு வயிறு. இந்தப் பசை வந்ததும் நான் கையால சாப்பிடறதை விட்டுட்டேன். சோத்துல ஆரஞ்சுத் தோலும் மண்ணெண்ணெயும் கலந்து அடிக்குது. ஒரு நாள் வயிறு எரிஞ்சு போச்சு."

"அப்படியா வாடை அடிக்குது?"

குண்டன் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தான். "நெசமா தெரியலையா? நீங்க படிக்கட்டுல ஏறும்போதே எனக்குத் தெரியுது, வர்றது நீங்கதான்னு."

அவன் தன் வலது கையை மூக்கருகில் கொண்டுபோனான். ஒன்றும் தெரியவில்லை. எண்ணெயிலும் கிரீஸிலும் ஊறி ஊறி மூக்கு எப்போதோ கைவிட்டுவிட்டது. கையைத் திருப்பிப் பார்த்தான். நகக்கண்ணில் ஆரஞ்சுக் கோடு. ரேகைகளுக்குள் மெல்லிய மினுமினுப்பு. இந்தக் கைதான் ஒவ்வொரு பருக்கையையும் தேய்த்துத் தேய்த்து மசித்தது. எவ்வளவு அக்கறையோ அவ்வளவு விஷம்.

விடுமுறை நாளில் பசை இல்லை. நேற்று மனைவியின் கை. எல்லாம் வரிசையாக வந்து பொருந்தியது. வீட்டில் எல்லோரையும் கழற்றிப் பார்த்தவன் கழற்றுகிற கையை மட்டும் விட்டுவிட்டான்.

ஆனாலும் மெக்கானிக் மெக்கானிக்தான். கோளாறைக் கண்ணால் பார்க்காமல் மூடியை மூடமாட்டான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு, பிரஷ் போட்டு, தோல் சிவக்கும்வரை கை கழுவினான். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.

பிரிட்ஜின் உள்மூலையில் முந்தைய நாட்களில் அவன் பிசைந்த டப்பா ஒன்று தப்பித்துக் கிடந்தது. அதை ஒரு தட்டில் போடச் சொன்னான். இன்னொரு தட்டில் அவளே புதிதாகப் பிசைந்தது. இரண்டையும் ஒரே சூட்டில் கூடத்தின் நடுவில் தள்ளித் தள்ளி வைத்தாள்.

"எதுக்குங்க இது? தெரிஞ்சுபோச்சுல்ல, கொட்டிருவோம்."

"மோந்து பாக்கட்டும். ஒதுக்கிச்சுன்னா அதான் உறுதி. வாய் வைக்க விடமாட்டேன்."

சத்தம் கேட்டு மாமனாரும் அறை வாசலில் வந்து நின்றார்.

துரை எழுந்து வந்தது. முதலில் மனைவி பிசைந்த தட்டு. மூக்கு வேலை செய்தது. காதுகள் இரண்டும் முன்னால் வந்தன. நாக்கு ஒருமுறை உதட்டைச் சுற்றியது. நல்ல சோறு என்று அதற்குத் தெரிந்துவிட்டது, பார்த்தவர்களுக்கும் தெரிந்தது. பிறகு அவனுடைய தட்டுக்கு வந்தது. அருகில் வரும் முன்பே மூக்கு சுருங்கியது. கழுத்து பின்னால் போனது. வாயோரத்தில் எச்சில் நூலாக இறங்கியது, வாந்திக்கு முன்னால் வருமே, அந்த எச்சில். உடம்பு முழுவதும் வேண்டாம் என்றது.

"பாத்தீங்களா, அதுக்குத் தெரியுது" என்றாள் மனைவி மெதுவாக.

அவன் தலையாட்டினான். தட்டை எடுக்கக் குனிந்தான்.

அப்போது துரை தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. இத்தனை நாளும் தின்பதற்கு முன்னால் பார்த்த அதே பார்வை. அவன் வாய் திறக்கவில்லை. சாப்பிடுடா என்று சொல்லவில்லை. குனிந்து நின்றதைத்தான் அது எப்படியோ எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பெருமூச்சு ஒன்று விட்டது. நல்ல சோறு ஓர் எட்டுத் தள்ளி ஆவி பறந்துகொண்டிருக்க, அதைத் திரும்பியும் பாராமல், அவன் தட்டில் வாயை வைத்து ஒரு கவளம் அள்ளி விழுங்கியது.

அவன் தட்டைக் காலால் எட்டி உதைத்தான். அது சுவரில் மோதிச் சுழன்று விழுந்தது. துரை பயந்து பின்வாங்கி, என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் வாலைக் கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டது.

தட்டு சுற்றி அடங்கும் ஓசை மட்டும் கேட்டது.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாளும் தெரியாமல் தின்றது என்றுதான் நினைத்திருந்தான். அதற்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். மூன்று மாடிக்குக் கீழே எவன் வீட்டில் என்ன பொரிகிறது என்று இங்கே படுத்துக்கொண்டு சொல்லும் மூக்கு அது. தன் மூஞ்சிக்குக் கீழே இருப்பது தெரியாமலா இருக்கும்? வயிறு வேண்டாம் என்று கத்தியிருக்கிறது, மூக்கு வேண்டாம் என்று கத்தியிருக்கிறது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டையும் அடக்கியிருக்கிறது. ஒவ்வொரு வேளையும். பருக்கை மிச்சமில்லாமல்.

எந்த மனிதனும் தனக்கு இப்படி ஒன்றைச் செய்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது. நாம் யாருக்காவது செய்திருக்கிறோமா என்று யோசித்தான். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

சற்று நேரத்தில் துரை பால்கனி ஓரமாகப் போய் அந்த ஒரு கவளத்தை வெளியே தள்ளிவிட்டு வந்தது. கோளாறு உறுதியாயிற்று.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தான். பசை டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினான். "அதேதான் காரணமா இருக்கும். இவன் வயிறு தாங்காது. நல்லவேளை, குடல் புண்ணாகறதுக்குள்ள கண்டுபிடிச்சீங்க. ரெண்டு வேளை தங்கினா எடை தானா ஏறும், குழாய் வேண்டாம்" என்றார். அவன் போனை வைக்காமல் இருந்தான்.

"டாக்டர், பிடிக்கலைன்னு தெரிஞ்சும் ஏன் தின்னுச்சு?"

"பழக்கம்னு சொல்லலாம். உங்க கை வாடை அந்தப் பசையோட சேர்ந்துபோச்சுன்னு சொல்லலாம். நான் படிச்சது அவ்வளவுதான்" என்றார். "ஆனா நீங்க பார்த்தீங்க, நான் பார்க்கல."

போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தான். பிஸ்கெட் டப்பாவை எடுத்துக்கொண்டு மாமனார் எதிரில் போய் நின்றான்.

"மாமா..."

மாமனார் டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "டிக்கெட் வாங்கினவனைப் பிடிச்சு நடுவழியில எறக்கிவிட்டுட்டியே மாப்ள."

"தப்புதான் மாமா."

"நானும் அப்படி ரெண்டொருத்தரை எறக்கிவிட்டிருக்கேன். வண்டி கெளம்பினப்பறம்தான் தெரியும், டிக்கெட் அவன் சட்டைப் பையிலயே இருந்துச்சுன்னு." அவர் ஒரு பிஸ்கெட்டை எடுத்தார், துரை பார்க்கிறது என்று தெரிந்ததும் திரும்ப டப்பாவிலேயே போட்டு மூடினார். "வயிறு சரியாகட்டும். அப்புறம் நானும் அவனும் சேர்ந்தே தின்னுக்கறோம்."

மனைவி தன் தட்டைத் துரையின் முன்னால் நகர்த்தினாள். "இந்தா, சாப்பிடு. இது நான் பிசைஞ்சது. இதுல ஆரஞ்சு கிடையாது."

துரை தட்டைப் பார்த்தது. அவனைப் பார்த்தது. சுவரோரம் கவிழ்ந்து கிடந்த இன்னொரு தட்டைப் பார்த்தது. தின்னவில்லை. நல்ல சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு, பசியில் வயிறு முதுகோடு ஒட்டிப்போயிருக்க, எதை விரும்புகிறான் இவன் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"பாருங்க, உங்க உத்தரவுக்குக் காத்திட்டு நிக்குது. ஏதாவது சொல்லித் தொலைங்களேன்."

அவனுக்கு அந்தத் திரையில் பார்த்த சாம்பல் மேகம் நினைவுக்கு வந்தது. இந்நேரம் அது உள்ளே சுருங்கி விரிந்துகொண்டிருக்கும், வரும் வரும் என்று.

அவன் நகர்ந்து துரைக்கு எதிரே போய்ச் சப்பணமிட்டான். தட்டைத் தொடவில்லை. கழுவிக் கழுவிச் சிவந்த இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு, பெரிய மனிதர் முன்னால் நிற்கிறவன் மாதிரி முதுகை வளைத்து உட்கார்ந்தான்.

"சாப்பிடுங்க துரை" என்றான்.

மாமனார் சிரித்துவிட்டார். மனைவி சிரிக்க ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவன் விளையாடவில்லை.

துரை பெருமூச்சு விடவில்லை. தலையைக் குனிந்து தின்றது.

அது தின்று முடிக்கும்வரை அவன் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. முடித்த பிறகும் வெகுநேரம் பால்கனிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். துரை அந்தப் பக்கம் போகவில்லை. வந்து அவன் மடியில் தலையை வைத்துப் படுத்தது. ஏப்பம் விட்டது.